சீன மொழியில் ஒரு பாட்டியின் அழகைப் பாராட்ட வேண்டும், உதவுங்கள்

வணக்கம். நான் சிச்சுவான் மாகாணத்துச் செங்டுவில் வேலை பார்க்கிறேன். சீனம் ஓரளவு பேச வரும். அடுத்த ஞாயிறு வீட்டுக்காரப் பாட்டிக்கு 70-ஆவது பிறந்தநாள் விருந்து. கரும்பச்சைப் பட்டில் சீபாவ் (சீனப் பெண்களின் மரபு உடை) தைத்து வைத்திருக்கிறார். கழுத்துப்பட்டை முடிச்சுப் பொத்தான்களைக்கூட அவரே துணியில் முறுக்கிக் கட்டியது. அந்த அழகை மனதாரச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

அழகு என்பதற்கு 'பியாவ்லியாங்' எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் இளம்பெண்ணிடம் சொல்வதுபோல் படுகிறது. 'மெய்ன்யூ' (அழகி) என்று கடையில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிறார்கள், அது சரிப்படாது. இந்த ஊர்ப் பேச்சில் 'குவாய்' என்றாலும் அழகுதான், ஆனால் அது சின்னப் பெண்களுக்கு. அலுவலகத்தில் கேட்டால் 'ஃபூ ரூ தோங்ஹாய், ஷோவ் பீ நான்ஷான்' சொல்லச் சொன்னார்கள். கிழக்குக் கடல்போல் பாக்கியம், தென்மலைபோல் ஆயுள் என்ற வாழ்த்து அது. கட்டாயம் சொல்வேன். ஆனால் அது பாராட்டு ஆகாதே. மொழிபெயர்ப்புச் செயலியோ மறுபடியும் 'பியாவ்லியாங்'கிலேயே போய் நிற்கிறது.

இப்போது மனதில் இருப்பது, மரியாதைக்கு 'நின்' (நீங்கள்) வைத்து, 'நின் ஜின்தியென் ஜென் யோவ் ச்சீஜ்'. தோற்றத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்ற பொருளில். சீனக் குடும்பங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்: 70 வயதுப் பாட்டியிடம், உறவினர்கள் முன்னால், இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லலாமா?