மறு: செமான்டிக் எலிமென்ட்: ‘பொருளுணர்த்து உறுப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில், தனக்குள் இருப்பது என்ன வகை என்று சொல்லும் எலிமென்ட்டைச் செமான்டிக் எலிமென்ட் என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு அக்கா சொன்ன ‘பொருள்சார் உறுப்பு’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்ஜெக்டையும் பொருள் என்றே எழுதுகிறோம். படிப்பவர் அந்தப் பக்கம் போய்விடுவார். ‘பொருளுணர் உறுப்பு’ இன்னும் சிக்கல். இணைப்புப் பட்டியலை வைக்கும் நேவ் என்ற உறுப்பு எதையும் உணர்வதில்லை, உணர்த்துகிறது. தன்வினை போதாது, பிறவினை வேண்டும். ஆகவே என் பரிந்துரை ‘பொருளுணர்த்து உறுப்பு’. சேர்த்து எழுதினால் வாய் சுளுக்கும், பிரித்தே எழுதுவோம்.

யாருக்கு உணர்த்துகிறது? தைப்பூசத்துக்காக ஒரு கோயிலுக்குச் செய்த பக்கத்தைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானில் டி விசையைத் தட்டினார். பக்கத்தின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும் விசை அது. தாவ இடமே இல்லை. எல்லாவற்றையும் டிவ்வால், அதாவது உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாத உறுப்பால், கட்டியிருந்தேன். பதினான்கு இணைப்புகளையும் கேட்டு முடித்த பிறகுதான் பூசை நேரம் வந்தது. “மஞ்சள் கல்லே பதிக்காம ரோடு போட்டிருக்கியே தம்பி” என்றார். பார்வையற்றோர் காலால் தொட்டு வழி அறியும் அந்தப் புடைத்த கல், பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவே இணைப்புப் பட்டியலை நேவுக்குள்ளும், நிகழ்ச்சி விவரத்தைப் பக்கத்தின் முதன்மை உள்ளடக்கத்துக்கான மெயினுக்குள்ளும் போட்டேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. அவருக்கு மட்டும் இரண்டே தட்டில் பூசை நேரம்.

‘சொற்பொருள் உறுப்பு’ ஏன் கூடாது என்றால், இங்கே பொருள் என்பது பெயரின் அகராதிப் பொருள் அல்ல. அட்ரஸ் என்ற உறுப்பின் பெயரைப் பார்த்து அன்னதான மண்டபத்தின் முகவரியை அதற்குள் வைத்திருந்தேன். தப்பு. கட்டுரைக்கோ பக்கத்துக்கோ உரியவரைத் தொடர்புகொள்ளும் விவரத்துக்குத்தான் அது.

எலிமென்ட்டுக்குத் ‘தனிமம்’ வேண்டாம், அது வேதியியல். ‘குறிச்சொல்’ டேகுக்கு இருக்கட்டும். தொடக்கக் குறிச்சொல், உள்ளடக்கம், முடிவுக் குறிச்சொல் எல்லாம் சேர்ந்ததுதான் உறுப்பு.

மலாயில் ‘செமாந்திக்’ என்றே வைத்துக்கொண்டார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று ஒருவர் கேட்டிருந்தார். செமான்டிக் என்று சொல்லிவிட்டு, அப்புறம் அதை விளக்க ‘பொருள் உணர்த்துவது’ என்றுதானே சொல்லப்போகிறோம்? அதையே பெயராக வைத்துவிடலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது, எந்தப் பொருளையும் உணர்த்தாத டிவ், ஸ்பான் இரண்டுக்குமான பெயர். ‘பொருளற்ற உறுப்பு’ என்றால் திட்டுவதுபோல் இருக்கிறது. ‘வெற்றுறுப்பு’ உள்ளடக்கமே வைக்க முடியாத பிஆர் (வரி முறிப்பது), இமேஜ் (படம் காட்டுவது) போன்றவற்றுக்கு வேண்டும். ‘பொது உறுப்பு’ போதுமா? பினாங்கு நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?