ஒரு காசு வட்டியில்லாத கூட்டா? அப்படியென்றால் முதல் கூட்டு எடுத்தது யார்?

பழைய கிராணி:
நேற்று இந்தக் குழுவில் ஒரு பதிவைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நம் பேராக் சுங்கை சிப்புட்டில் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில், சிக்கனமாக இருந்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து கூட்டு போட்டு (மாதாமாதம் எல்லாரும் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிற சீட்டு), மூன்று வருடத்தில் ஒரு மோட்டார், மகளுக்கு மடிக்கணினி, வீட்டுக்குப் புதுக் கூரை என மூன்றையும் முடித்துவிட்டாராம். "ஒரு காசு வட்டி கட்டவில்லை" என்று பெருமையாக எழுதியிருந்தார். வாழ்த்து குவிகிறது. முதல் கூட்டு யாருக்குப் போனது என்று ஒருவராவது கேட்டீர்களா? கடைசி வரியைப் படியுங்கள்: "வழக்கம்போல முதல் கூட்டு தலைவிக்கு." தலைவி யார்? பதிவு போட்டவரேதான்.

கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு 200 வெள்ளி, பன்னிரண்டு பேர், மாதம் 2,400. தலைவி முதல் மாதமே 2,400 எடுக்கிறார். தன் பங்கு 200 போக, அடுத்தவர் பணம் 2,200 அவர் கையில். அடுத்த மாதம் 2,000, அப்புறம் 1,800, இப்படியே இறங்கி வரும். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி, அதாவது மாதம் அரை விழுக்காடு என்று வைத்தால், பதினொரு மாதமும் சேர்த்து 66 வெள்ளி வருகிறது. இது தலைவிக்கு லாபம். கடைசிக் கூட்டு எடுக்கிறவருக்கு இதே 66 வெள்ளி நட்டம். 6 விழுக்காடு அதிகம் என்று சொல்லாதீர்கள், 2024-க்கு ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கொடுத்த லாப ஈவே 6.3. வட்டி இல்லாமல் இல்லை. வேறொருவர் கட்டுகிறார், அவ்வளவுதான்.

செம்பனைக்காடு:
ஐயா, 66 வெள்ளிக்காகவா மனசு சரியில்லாமல் போனது?

பழைய கிராணி:
தம்பி, உங்களுக்கு 66 வெள்ளி பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அரசாங்க விலையில் 14 கிலோ கேஸ் தோங் (சமையல் எரிவாயு உருளை) 26 வெள்ளி 60 காசு. இரண்டு தோங் வாங்கி மீதியும் கையில் இருக்கும். சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற பதிவில் இரண்டு கேஸ் தோங் காணாமல் போனால் கேட்கக்கூடாதா?

லயத்துப்பொண்ணு:
அந்தப் பதிவைப் போட்டது நான்தான். பேரைச் சொல்லாமல் சுற்றி வளைக்க வேண்டாம் ஐயா. முதல் கூட்டு தலைவிக்கு என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. என் அம்மாயி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) அப்படித்தான். ஏன் தெரியுமா? யாராவது கட்டாமல் விட்டால் தலைவி தன் கையிலிருந்து போட வேண்டும். போன வருடம் ஒருவர் தொடர்ந்து இரண்டு மாதம் கட்டவில்லை. நான் 400 வெள்ளி போட்டேன். அவரிடமிருந்து இன்னும் முழுசாக வரவில்லை. உங்கள் 66-ஐ ஆறு தடவை கூட்டினாலும் 396-தான்.

ஒட்டுப்பால்:
சபாஷ் தங்கச்சி! தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணியாருக்கே கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டாய்.

பழைய கிராணி:
இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார், அதற்குக் கூலியாக 66 வெள்ளி எடுத்துக்கொள்கிறார். சரி, எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அதற்குப் பெயர் வட்டி. "ஒரு காசு வட்டியில்லை" என்ற வரியை எடுத்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

லயத்துப்பொண்ணு:
எடுக்க மாட்டேன்.

கணக்குப்புள்ள:
நான் கோலாலம்பூரில் வங்கியில் வேலை செய்கிறேன், ஊர் சுங்கை சிப்புட்தான். இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டு 66-ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கிற கூட்டுக்கு யார் காப்புறுதி?

லயத்துப்பொண்ணு:
தம்பி, வங்கியில் 2,400 சேர்கிறவரைக்கும் அதை எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுப்பேன், தீபாவளிக்குத் துணி என்றால் எடுப்பேன், மோட்டார் டயர் வெடித்தால் எடுப்பேன். கூட்டில் அப்படி எடுக்க முடியாது. ஏழாம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டு ஐந்தடியில் (முன் தாழ்வாரத்தில்) பாய் விரித்து எல்லாரும் உட்காருவார்கள். தலைவி பங்கு போக மற்றவர்கள் பெயரைச் சீட்டெழுதி மைலோ டின்னில் போட்டுக் குலுக்குவோம். யாருடைய சின்னப் பிள்ளையாவது ஒன்றை எடுக்கும். பணத்தை எல்லார் கண் முன்னால் எண்ணி, 555 புத்தகத்தில் பேருக்கு நேரே சிவப்புப் பேனாவில் கோடு போடுவேன். மஞ்சள் கையோடு பணம் கொடுக்கிற பக்கத்து வீட்டு அக்காவால் என் புத்தகத்தில் பாதிப் பக்கம் மஞ்சள். கோடு விழாத பேரை அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்காகவே நான் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போகிறேன், வெளியில் பசியாறுவதை விட்டேன். இதை எந்த வங்கி செய்யும்?

செம்பனைக்காடு:
அக்கா சொல்வதுதான் நடைமுறை. எங்கள் பக்கத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒரே வேனில் அனுப்பி மிச்சம் பிடிக்கிற காசுதான் கூட்டுக்குப் போகிறது. கூட்டு இல்லையென்றால் அந்த மிச்சம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கரைந்துவிடும்.

பழைய கிராணி:
நல்ல கதை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கவனித்தீர்களா? "தலைவி பங்கு போக மற்றவர்கள் பெயரை" மைலோ டின்னில் போடுவார்களாம். மற்ற பதினொரு பேருக்குக் குலுக்கல். தலைவிக்குக் குலுக்கல் கிடையாது. நான் கேட்டதும் இதையேதான். ஏன் தலைவி பெயரையும் டின்னில் போடக்கூடாது?

வெட்கத்துக்காகச் சேமிக்க வேண்டும் என்றால் இபிஎஃப்-இல் தானாகக் கூடுதலாகப் போடுங்கள். கை வைக்க முடியாது, லாப ஈவும் வரும்.

கணக்குப்புள்ள:
ஐயா, இபிஎஃப் பற்றி அரைகுறையாகச் சொல்லாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகிவிட்டது. போடுகிற பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்குப் போகும், 15 விழுக்காடு இரண்டாவதுக்கு, நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கு 10 விழுக்காடுதான். 200 போட்டால் 20 வெள்ளிதான் கைக்கு எட்டும். அதை வைத்துப் படிவம் 5 படிக்கிற பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க முடியுமா?

பழைய கிராணி:
அப்படியானால் நீங்களும் கூட்டுக் கட்சியா? காப்புறுதி இல்லை என்று சொன்னது நீங்கள்தானே?

கணக்குப்புள்ள:
நான் எந்தக் கட்சியும் இல்லை.

பழைய கிராணி:
வங்கிக்காரர்கள் எப்போதும் இப்படித்தான்.

ஜொகூர் லாரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கூட்டில் சேர்ந்தது லாரி லைசென்ஸ் எடுப்பதற்காக. எட்டாவது மாதம் தலைவி வீட்டுக் கதவில் பூட்டு. கைப்பேசியும் போகவில்லை. முதல் கூட்டும் அவர்தான் எடுத்தார், இன்னும் இரண்டு பேர் பெயரில் இன்னும் இரண்டு கூட்டும் அவரே எடுத்திருந்தார். எனக்குப் போனது 66 வெள்ளி இல்லை அண்ணே, போட்ட அத்தனையும்.

பழைய கிராணி:
பாருங்கள்! எங்கே தொடங்குகிறது? முதல் கூட்டில்!

லயத்துப்பொண்ணு:
ஒருத்தி ஓடினால் எல்லாத் தலைவியும் ஓடுவாளா? எங்கள் கூட்டில் ஒருவர் ஒரு பங்குக்கு மேல் வைக்க முடியாது. பன்னிரண்டு பேரும் ஒரே தாமான் (குடியிருப்பு), யார் வீட்டில் என்ன சமையல் என்பது வரை தெரியும். ஜொகூர் தம்பி, உங்களுக்கு நடந்ததற்கு வருத்தப்படுகிறேன், ஆனால் அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

ஜொகூர் லாரி:
நான் கட்டவில்லை அக்கா, நடந்ததைச் சொன்னேன்.

பழைய கிராணி:
இன்னொன்று. ஆபத்துக்குக் கூலி வாங்கினால் அது தொழில். தொழிலாகக் கூட்டு நடத்துவதற்கு இந்த நாட்டில் 1971-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. சட்டத்திலேயே கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுய் என எல்லாப் பெயரும் எழுதியிருக்கிறது. பெயர் மாற்றியெல்லாம் தப்ப முடியாது.

செம்பனைக்காடு:
பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தால் போலீசைக் கூப்பிடுவீர்களா ஐயா? எல்லாரும் ஒன்றாகக் காசு போட்டதால்தான் நம் ஆட்களுக்கு ஒரு காலத்தில் தோட்டமே கிடைத்தது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் லயம் லயமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள் என்று கேட்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கவில்லையா? அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்களே!

பழைய கிராணி:
துன் சம்பந்தனை இதில் இழுக்க வேண்டாம். அது பதிவு பெற்ற சங்கம். உறுப்பினருக்குப் பங்கு உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு, தணிக்கை உண்டு. "வழக்கம்போல முதல் தோட்டம் தலைவருக்கு" என்று அவர் புக்கிட் சீடிமை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாரா?

செம்பனைக்காடு:
இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்க வேண்டும்.

ஒட்டுப்பால்:
சிரிக்காதீர்கள் தம்பி. இவ்வளவு நியாயம் பேசுகிற கிராணியாரிடம் நான் ஒன்று கேட்கிறேன். சம்பள நாளில் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கடைக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? என் அப்பா கையில் சம்பளம் வருவதற்கு முன்னால் அந்தக் கடைக்காரர் பாக்கியைப் பிடித்துக் கொடுத்தது எந்தக் கிராணி? கடைக்காரர் அரிசிக்கு என்ன விலை போட்டார், அதில் எத்தனை 66 வெள்ளி இருந்தது என்று அன்றைக்கு யார் கணக்குப் பார்த்தது?

பழைய கிராணி:
அது துரை உத்தரவு. நான் செக்ரோல் (வேலைக்கு வந்தவர்களின் பேர்ப் பதிவு) எழுதுகிறவன்.

ஒட்டுப்பால்:
மழைநாளில் பிரட்டுக்கு (காலையில் பேர் எடுக்கிற இடத்துக்கு) வந்து நின்றவர்களுக்கு அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதும் துரை உத்தரவுதானா?

பழைய கிராணி:
பேச்சை மாற்றாதீர்கள். அரைப் பேர் வேறு, முதல் கூட்டு வேறு.

லயத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் ஒரு தகவல். அடுத்த சுற்று வரும் ஏழாம் தேதி தொடங்குகிறது. இம்முறை மகளின் நர்சிங் படிப்புக்கு. ஒரு இடம் காலியாக இருக்கிறது, தாமானில் இருக்கிறவர்கள் மட்டும் கேளுங்கள். முதல் கூட்டு தலைவிக்கு.

பழைய கிராணி:
வேண்டுமென்றே எழுதுகிறார் பாருங்கள்.

செம்பனைக்காடு:
அக்கா, அந்த இடம் எனக்கு. மனைவியிடம் கேட்டுவிட்டு உறுதி சொல்கிறேன்.

கணக்குப்புள்ள:
குறைந்தபட்சம் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு பேரும் கையெழுத்தாவது போடுங்கள். 555 புத்தகத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு வையுங்கள்.

ஒட்டுப்பால்:
கையெழுத்து என்றதும் ஞாபகம் வந்தது. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு 50 வெள்ளி வசூல் செய்தார்களே, அதற்கு ரசீதே வரவில்லை. அந்த வருடம் நிர்வாகத்தில் கிராணியாரும் இருந்தார். 66-க்கு இத்தனை விளக்கம் கொடுத்தவர் அந்தக் கணக்கையும் இங்கே போட்டால் நன்றாக இருக்கும்.

பழைய கிராணி:
நான் செயலாளர். பணம் பொருளாளர் கையில். பொருளாளர் யார் என்பது ஊருக்கே தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் மாமனாரைக் கேளுங்கள்.