12 வாரக் கர்ப்பம், சினைப்பையில் 9 செ.மீ. டெர்மாய்டு: இப்போதே எடுக்கணுமா?

மருதம்:
தங்கைக்கு 12 வாரம். ஸ்கேனில் வலது சினைப்பையில் 9 செ.மீ. டெர்மாய்டு கட்டி (உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும் வகை) தெரிகிறது. வலி இல்லை. சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் அளவு 70. 16 வாரத்தில் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை ஆபரேஷன்) எடுக்கலாம் என்கிறார் டாக்டர். எதற்கு அதுவரை காத்திருக்கணும்? பிரசவம் முடிந்து எடுத்தால் ஆகாதா? 70 என்றால் புற்றுநோயா?

செவ்வந்தி:
சிஏ-125-ஐ வைத்துப் பயப்படாதீங்க. முதல் மூன்று மாதத்தில் அது தானாகவே ஏறும்; 35 என்ற வழக்கமான வரம்பு இப்போது செல்லாது. ஸ்கேனில் கட்டிக்குள் ரத்த ஓட்டமுள்ள திடப்பகுதி, உள்சுவரில் முளைகள், வயிற்றில் நீர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

சாதாரண நீர்க்கட்டி 16 வாரத்துக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். டெர்மாய்டு வற்றாது. ஆனாலும் அதுவரை பொறுப்பது நல்லது: குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும், இயல்பாகக் கரு கலையும் காலமும் தாண்டியிருக்கும். கர்ப்பம் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சினைப்பைக்குப் பதில் நஞ்சுக்கொடியே சுரக்கும். கர்ப்பப்பையும் வயிற்றை அடைக்கும் அளவு வளர்ந்திருக்காது. 20 வாரம் தாண்டினால் கருவி நுழைக்கவே இடம் குறையும்.

பிரசவம் வரை விடுவதும் சிலருக்குச் சரிதான், குறிப்பாக 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு. 9 செ.மீ.க்கு எடுப்பதே நல்லது என்பேன். கட்டியும் சினைப்பையும் காம்போடு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் அடைபடலாம். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்கும்போதும் அந்த ஆபத்து உண்டு.

தியேட்டர் விளக்கு:
ஆபரேஷன் பற்றிக் கொஞ்சம். மேஜையை இடப்பக்கம் சற்றுச் சாய்ப்பார்கள், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமலிருக்க. வயிற்றை விரிக்கச் செலுத்தும் வாயுவின் அழுத்தம் 10 முதல் 15 மி.மீ. பாதரசத்துக்குள். முதல் துளையைக் கண்ணால் பார்த்துத் திறப்பார்கள், அல்லது இடது விலாவுக்குக் கீழே போடுவார்கள். கர்ப்பப்பைக்குள் எந்தக் கருவியும் போகாது.

கட்டியை மட்டும் உரித்துப் பைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள், சினைப்பை மிஞ்சும். டெர்மாய்டின் கொழுப்பும் முடியும் வயிற்றுக்குள் சிந்தினால் கடும் அழற்சி வரும். சிந்திவிட்டால், வெதுவெதுப்பான சலைனால் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவணும். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்பார்கள். வலிக்குப் பாராசிட்டமால், டாக்டரைக் கேட்காமல் டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

செவ்வந்தி:
இடையில் ஒரு பக்கமாகத் திடீர் வலியும் வாந்தியும் வந்தால் அது முறுக்காக இருக்கலாம்; 16 வாரத்துக்காகக் காத்திருக்காதீங்க, அன்றே அவசரப் பிரிவுக்குப் போகணும். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று ஆகாது. கருநீலமாகிவிட்ட சினைப்பையும் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் பிழைக்கும். நிறத்தைப் பார்த்தே வெட்டியெடுக்கத் தேவையில்லை.