ஆறு ஆக்ஸ்மேன், நான்கு கேடபுல்ட் இருந்தும் எல்லை நகரம் போய்விட்டதே, இது மோசமான ஆட்டமா?

மேகக்கோட்டை:
சிவிலைசேஷன் 4 கம்ப்யூட்டர் ஆட்டம், அதன் பியாண்ட் த ஸ்வோர்ட் விரிவாக்கம், இரண்டிரண்டு பேராக மூன்று அணி, பிட்பாஸ் சர்வரில் (அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் உள்ளே வந்து ஆடுவது) நாளுக்கு ஒரு டர்ன். நேற்றிலிருந்து வேடிக்கை பார்க்கும் நாம் எல்லோரும் நீல அணியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம், எனக்கு அதில் கொஞ்சம் நெருடல். நடந்தது தெரியாதவர்களுக்கு: சிவப்பு அணியின் ஸ்டாக் (ஒரே கட்டத்தில் குவிந்து நகரும் படை) நீலத்தின் எல்லை நகரத்தை ஒட்டிய காட்டு மலையில் வந்து நின்றது. ஐந்து ஆக்ஸ்மேன் (கோடாரி வீரர்), இரண்டு ஸ்பியர்மேன் (ஈட்டி வீரர், சாரியட்டை அடக்குபவர்), மூன்று சாரியட் (குதிரைத் தேர்), மூன்று கேடபுல்ட் (கல்லெறி பொறி). நகரத்துக்குள் கோவைக்காரரின் ஆறு ஆக்ஸ்மேனும், கூட்டாளியான டொரண்டோக்காரர் அனுப்பிய நான்கு கேடபுல்ட்டும் இருந்தன. கோவைக்காரர் நான்கு ஆக்ஸை அடிக்க அனுப்பினார், நான்கும் காலி. டொரண்டோக்காரர் பிறகு உள்ளே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் டர்னை முடித்தார். அடுத்த டர்னில் நகரம் போனது, கேடபுல்ட்டுகளும் அதோடு போயின. உண்மையிலேயே இவ்வளவு மோசமான ஆட்டமா, இல்லை நாம் ஆறு பேருடைய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு பேசுவதால் எல்லாம் சுலபமாகத் தெரிகிறதா?

ஊசிப்பட்டாசு:
மோசம்தான் தல, இதில் என்ன சந்தேகம். காட்டுக்கு 50, மலைக்கு 25, மொத்தம் 75 சதவீதம் தற்காப்பு. ஆக்ஸுக்கு ஆக்ஸ் மோதும்போது ரெண்டு பக்கத்து மெலீ போனஸும் (கைகலப்பு வீரர்களுக்கு எதிரான கூடுதல் பலம்) அடிபட்டுப் போகும், மிஞ்சுவது 5 பலத்துக்கு எதிராக 8.75. நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாத சண்டையை ஒரு தடவை போட்டால் அவசரம் என்று விடலாம். முதல் ஆள் செத்ததும் கையை எடுக்க வேண்டாமா? அதே இடத்தில் நான்கு தடவை போய் முட்டியிருக்கிறார். அதுவும் எதிரியிடம் சாரியட் இருக்கும்போது ஒரு ஸ்பியர்மேன்கூட இல்லாமல் ஆறும் ஆக்ஸாகவே கட்டி வைத்திருக்கிறார். ஆக்ஸைத் தாக்கும்போது சாரியட்டுக்கு 100 சதவீதம் கூடுதல் என்பது இந்த ஆட்டத்தில் அரிச்சுவடி.

கிழக்குவாசல்:
ஊசி, கணக்கு சரி. ஆனால் அவர் அந்த நான்கு ஆக்ஸை ஏன் அனுப்பினார் என்று அவர் எழுதிய டர்ன் குறிப்பைப் படித்தீர்களா? ‘கேடபுல்ட் அடித்ததும் மிச்சத்தை முடித்துவிடலாம்’ என்றுதான் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். திட்டம் நல்ல திட்டம். கேடபுல்ட் முதலில் போய் மோதினால் அது செத்தாலும் ஸ்டாக்கில் இருக்கும் மற்ற யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் காயம் படும், அதற்குப் பிறகு அதே ஆக்ஸ் அதே மலையில் ஏறினால் எதிரே நிற்பது 8.75 இல்லை. இங்கே நடந்தது வரிசை மாறிப்போனது.

ஏன் மாறியது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான விஷயம். போர் வந்ததும் டர்னை இரண்டாகப் பிரித்தார்கள், முதல் 12 மணி நேரம் சிவப்பு, அடுத்த 12 நீலம். நீலத்தின் பாதி நம் நேரப்படி மாலை 6 மணிக்குத் தொடங்கி காலை 6க்கு முடிகிறது. மாலை 6 என்றால் டொரண்டோவில் காலை 8.30, மனுஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் வீடு திரும்பி உட்காரும்போது இங்கே விடியற்காலை மூன்றரை. கோவைக்காரர் அதற்குள் ஆடி முடித்துவிட்டுப் படுத்தாக வேண்டும். அதாவது இந்த அணியில் எப்போதுமே கோவை முதலில், டொரண்டோ பின்னால். கேடபுல்ட்டை வைத்திருப்பவரோ பின்னால் வருகிறவர். ஆக்ஸை டொரண்டோவும் கேடபுல்ட்டைக் கோவையும் கட்டியிருந்தால் இதே நேர வித்தியாசம் அவர்களுக்குச் சாதகம். டெக்னாலஜி அணிக்குப் பொது என்பதால் கேடபுல்ட் கட்டத் தேவையான கன்ஸ்ட்ரக்‌ஷன் இருவரிடமும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். எதை ஆராய்வது என்று டர்ன் கணக்காகப் பேசியவர்கள், யார் கையில் எந்த யூனிட் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூடப் பேசவில்லை. கிரிக்கெட்டில் சொன்னால் இது ரன் அவுட், பேட்டிங்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சிவப்பு அணியைப் பாருங்கள், அவர்கள் இருவரும் ஒரே ஊர், சண்டை நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஆடுகிறார்கள். முதலாமவர் கேடபுல்ட்டைத் தள்ளுகிறார், முடிந்ததும் இரண்டாமவர் ஆக்ஸோடு இறங்குகிறார். அவர்களை மேதைகள் என்று நாம் புகழ்வதில் பாதி அந்த வசதிக்குப் போக வேண்டியது.

ஊசிப்பட்டாசு:
சரி, வரிசையை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கலாமே? ஒரே அணிக்குள் ஒருவர் இன்னொருவருக்காக ஆடலாம் என்று இந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. ஸ்பியர்மேன் விஷயத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளாட்டுக்காரன்:
ஸ்பியர்மேனுக்கு நான் சொல்கிறேன். கோவைக்காரருக்குச் சாரியட் தெரிந்தது ஸ்டாக் மலையில் ஏறி நின்ற பிறகுதான், அதற்கு முன்னால் அது பனிமூட்டத்துக்குள். அவசரத்துக்கு விப் அடித்து, அதாவது நகரத்து மக்கள்தொகையைப் பலி கொடுத்து, ஒன்றிரண்டு ஸ்பியர் எடுத்திருக்கலாம், ஒரு ஆளுக்கு 30 சுத்தியல் (உற்பத்திப் புள்ளி), ஸ்பியருக்கு வேண்டியது 35, ஆனால் அந்த நகரம் முந்தின விப்பிலேயே சுருங்கிக் கிடந்தது. அதனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு டொரண்டோக்காரரின் பழைய டர்ன் குறிப்பைப் புரட்டினால், 47வது டர்னில் அவருடைய ஸ்கவுட் சிவப்பு எல்லையோரம் போகும்போது எடுத்த படம் ஒன்று, மூலையில் குதிரை மேலே மேய்ச்சல் நிலம் பளிச்சென்று நிற்கிறது, சாரியட் வரும் என்று அர்த்தம். ‘தங்கம் பக்கத்தில் நல்ல இடம்’ என்று மட்டும் கீழே எழுதியிருக்கிறார். அணிக்குப் பார்வை பொது, அந்த டர்னில் கோவைக்காரர் கேமராவை அங்கே தள்ளியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். தள்ளவில்லை. சொல்ல வேண்டியவரும் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த நேரத்தில் அணிக்குத் தெரிந்ததை வைத்துத்தான் திட்ட வேண்டும், அப்படிப் பார்த்தாலும் இது திட்டு வாங்க வேண்டிய ஆட்டம்தான். தனி ஆள் ஆட்டத்தில் தெரிந்தது, தெரியாதது என்று இரண்டே வகை. இரண்டு பேர் அணியில் ‘ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குப் போகாதது’ என்று மூன்றாவது வகை இருக்கிறது, நகரங்கள் போவது பெரும்பாலும் அதில்தான்.

இன்னொன்று, சிவப்பு செய்ததும் ஒன்றும் பத்திரமான வேலை இல்லை. பின்னால் துணைக்கு வருவது அடுத்த டர்னில் வர வேண்டிய ஒரே ஒரு ஸ்பியர்மேன். நான்கு கேடபுல்ட் இருக்கும் நகரத்துக்கு முன்னால் மொத்தப் படையையும் ஒரே கட்டத்தில் குவிப்பதா? வரிசை சரியாக இருந்திருந்தால் அந்த ஸ்டாக் அங்கேயே கரைந்திருக்கும், இன்று நாம் சிவப்பைக் கிழித்துக்கொண்டிருப்போம்.

மேகக்கோட்டை:
புரிகிறது. டொரண்டோக்காரர் சும்மா இருந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது. முடிக்க இரண்டு ஆக்ஸ்தான் மிச்சம், அடித்து என்ன ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறார். அது நியாயம்தானே?

கிழக்குவாசல்:
இல்லை, அந்த டர்னில் அதுதான் பெரிய தப்பு. நகரத்தில் உட்கார்ந்திருக்கும் கேடபுல்ட் தற்காப்புக்கு ஒன்றுக்கும் உதவாது, எப்படியும் சாகப்போவதுதான். நான்கையும் மலை மேல் மோதியிருந்தால் எதிரியின் ஆக்ஸும் சாரியட்டும் காயத்தோடு நகரத்தை அடிக்க வேண்டியிருக்கும். அடித்திருக்கவே மாட்டார்கள், ஆற உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றிரண்டு டர்ன் கிடைத்திருக்கும், அது போதும் வடக்கிலிருந்து ஆள் வர. வேர்ல்ட்பில்டரில் (ஆட்டத்தோடு வரும் வரைபடக் கருவி) அந்த இடத்தை அப்படியே அமைத்து ஓட்டிப் பார்த்தேன், நான்கு கேடபுல்ட்டும் செத்தன, ஆனால் சிவப்பு ஸ்டாக்கில் முழு உடம்போடு நின்ற ஆக்ஸ்மேன் ஒருவர்கூட இல்லை. பகடை மாறினால் முடிவும் மாறும்தான், ஆனால் உள்ளே வைத்துச் சாகவிடுவதை விட மோசமாக எதுவும் போகாது.

ஊசிப்பட்டாசு:
இதை யாராவது அவர்களிடம் சொல்லித் தொலையுங்களேன், பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளாட்டுக்காரன்:
ஆட்டம் முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது தம்பி. ‘அய்யோ அந்த டர்னா’ என்று நீ ஒரு சிரிப்புப் பொம்மை போட்டால்கூடப் போதும், அவர்கள் போய் மலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போதைக்குக் கோவைத் தலைநகரத்தைக் கவனியுங்கள், அங்கே ஸ்பியர் கியூவில் ஏறியாகிவிட்டது, ஆனால் சிவப்பு இன்று கேடபுல்ட்டை வடக்குப் பக்கமாகத் திருப்பியிருக்கிறது.