மறுமொழி: சிமெண்ட் ‘செட்’ ஆவதற்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் சிமெண்ட், ஜிப்சம், பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மூன்றும் ஒரே பாடத்தில் வருகின்றன. தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை கல்லாவதை ஆங்கிலத்தில் செட்டிங் என்கிறார்கள். கொத்தனாரும் “செட் ஆயிடுச்சு” என்றுதான் சொல்கிறார். இந்த இழையில் இதுவரை காய்தல், உறைதல், கெட்டிப்படுதல் மூன்றும் வந்திருக்கின்றன. நான் ‘இறுகுதல்’ என்பேன்.

முதலில் காய்தல். பேச்சு வழக்கில் இதுதான் அதிகம் புழங்குகிறது. ஆனால் பாடத்தில் இதை வைத்தால் பிள்ளைகள் வேதியியலையே தப்பாகப் படித்துக்கொள்வார்கள். எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் சாந்து பூசிய துணிச் சுருளை நீரில் நனைத்துச் சுற்றுகிறார்கள். சில நிமிடங்களில் விறைத்துவிடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அதே நேரம் ஈரமாகவும் இருக்கும். முழுக்க உலர ஓரிரண்டு நாள் ஆகும். அதாவது இறுகியது முதலில், உலர்ந்தது பிறகு. ஒரே கட்டில் இரண்டு வேறு நிகழ்வுகள் நடக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது.

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது? ஜிப்சத்தில் ஒரு பங்கு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு பங்கு படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர், உண்டு (பங்கு என்பது எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில்). 120 முதல் 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் ஒன்றரைப் பங்கு வெளியேறி அரைப் பங்கு நிற்கும். அதுதான் பாரிஸ் சாந்து. மறுபடி நீர் விட்டால், இழந்த ஒன்றரைப் பங்கை எடுத்துக்கொண்டு ஜிப்சமாகத் திரும்பும். அப்போது ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். வெப்பமும் வெளிப்படும். (வகுப்பில் செய்து காட்டுகிறவர்கள் கவனிக்கவும்: குழைத்த சாந்துக்குள் பிள்ளைகள் கையை விட்டு வைக்கக் கூடாது. திரளான கலவையில் வரும் சூடு தோலைப் பொசுக்கிவிடும்.) நீர் வெளியேறுவதால் அல்ல, நீர் உள்ளே சேர்வதால்தான் அது கல்லாகிறது. காய்தல் என்ற சொல் இதை நேர் தலைகீழாகக் காட்டுகிறது.

ஐயா, நீங்கள் முன்வைத்த உறைதல் அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளைகள் நீர் பனிக்கட்டியாவதை உறைதல் என்றுதான் படிக்கிறார்கள். அது இயற்பியல் மாற்றம். சூடாக்கினால் பழையபடி நீராகிவிடும். இறுகிய சிமெண்டை எவ்வளவு சூடாக்கினாலும் பழைய குழைவு வராது. பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது என்று நீங்கள் காட்டியது சரிதான். ஆனால் அவை உயிரியல் பக்கம் போய்விடும். வேதியியல் பாடத்தில் உறைநிலை என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது குழப்பம் நிச்சயம். கெட்டிப்படுதலில் வேறொரு சிக்கல்: குழம்பும் கெட்டியாகும், ஆனால் ஊற்றும் பதத்தில்தான் இருக்கும்.

இறுகுதலுக்கு முன்னோடியும் இருக்கிறது. நெகிழிகளை இளகும் நெகிழி, இறுகும் நெகிழி என்று ஏற்கெனவே பிரித்திருக்கிறோம். மின் ஸ்விட்ச் செய்யும் பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. மூலக்கூறுகள் வேதிப் பிணைப்பால் குறுக்கே கட்டுண்டுவிடுகின்றன. சிமெண்டுக்கும் அதே வினைச்சொல் வந்தால், பிள்ளை இரண்டையும் தானே சேர்த்துப் பார்க்கும்.

சுண்ணாம்பை யாரும் இங்கே தொடவில்லை. அதையும் பார்க்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டு நீற்றுகிறோம். நீற்றுதல் என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது, தேட வேண்டியதில்லை. நீற்றிய சுண்ணாம்பைச் சாந்தாக்கிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. இங்கே வழியே வேறு. பாரிஸ் சாந்தும் சிமெண்டும் நீரை எடுக்கின்றன, சுண்ணாம்பு வாயுவை எடுக்கிறது. அதனால்தான் செட்டிங்குக்கு விளைவைச் சொல்லும் பொதுச்சொல் வேண்டும் என்கிறேன். நீரேற்றம், கார்பனேற்றம் என்று வழியைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் க்யூரிங், அதாவது இறுகிய சிமெண்டைப் பல நாள் ஈரமாகவே வைத்திருப்பது. மாவுக்கட்டு நனையக் கூடாது என்கிறார் மருத்துவர். தளம் போட்ட மறுநாளே சிமெண்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார் கொத்தனார். ஒரு பிள்ளை இதைக் கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்க வேண்டும். ஜிப்சம் நீரில் சற்றே கரையும், அதனால் நனைந்த கட்டு வலுவிழக்கும். சிமெண்டிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகளோ வாரக் கணக்கில் நீரோடு வினைபுரிந்துகொண்டே இருக்கும். கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். இடையில் ஈரம் வற்றினால் வினையும் நின்றுவிடும். பொறியியல் நூல்களில் க்யூரிங்கை நீராற்றல் என்கிறார்கள். நடுநிலைப் பள்ளிக்கு இது வேண்டாம். நீரின் ஆற்றல் என்று படித்துப் பிள்ளை அணைக்கட்டுக்குப் போய்விடும். ‘ஈரங்காத்தல்’ என்று வைக்கலாமா? பாத்தி கட்டுவது, சணல் சாக்கு போர்த்தி நனைப்பது, பாலித்தீன் விரிப்பால் மூடுவது எல்லாமே ஈரத்தைக் காப்பதுதான்.

இறுகுதல் வந்தால் மற்றவை தாமாக வரும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. இறுகத் தொடங்கும் நேரம், இறுகி முடியும் நேரம் என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. அரைக்கும்போது சிமெண்டில் சிறிதளவு ஜிப்சம் சேர்ப்பது சட்டென்று இறுகிவிடாமல் தடுக்கத்தான். எனவே அங்கே ஜிப்சத்தை இறுகல் தணிப்பி எனலாம்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் அமையவில்லை. இறுகி முடிந்த பிறகு நாளாக ஆக வலிமை கூடுகிறதே, அந்த ஹார்டனிங். கடினமாதல் என்றால் இறுகுதலோடு கலந்துவிடுகிறது. வலுவேறல் என்று எழுதிப் பார்த்தேன், ஓரளவு பொருந்துகிறது. உங்கள் ஊர்க் கொத்தனார்கள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.