கிங்ஸ் காலேஜ் தேவாலயம்: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தின் கூரையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது சுவர். கீழே, அதுவும் கிழக்குக் கோடியில், கல் வெளுப்பாக இருக்கிறது. மேலேயும் மேற்கேயும் போகப் போகப் பழுப்பேறுகிறது. வெயில் பட்டு நிறம் மாறியதில்லை, கல்லே வேறு.

இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி 1441இல் கல்லூரியைத் தொடங்கி, 1446இல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். இடம் போதவில்லை என்று ஊர் நடுவில் இருந்த வீடு, கடை, ஆற்றுக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் இடித்தார்கள். ஊர்க்காரர்கள் எவ்வளவு வயிறெரிந்திருப்பார்கள்! யார்க்‌ஷயரிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்து இறங்கியது. அப்புறம் ரோஜாப் போர்கள், அதாவது இங்கிலாந்து அரியணைக்காக நடந்த உள்நாட்டுச் சண்டை. 1461இல் ஹென்றியின் அரியணை பறிபோனது, பணவரத்தும் நின்றது. பல வருடம் கழித்து வேலையைத் தொடர்ந்தவர்கள் வேறு குவாரியின் கல்லைக் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் காசு தீர்ந்தது என்பதை இன்றும் விரல் வைத்துக் காட்டலாம்.

* * *

மேலே எழுதியவர் உள்ளே இருக்கும் வேடிக்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதிகப்படி செதுக்குவேலை வேண்டாம் என்று எழுதியே வைத்தவர் ஆறாம் ஹென்றி. கட்டி முடிக்கப் பணம் கொடுத்ததோ பின்னால் ஆட்சிக்கு வந்த டியூடர் வம்சத்து அரசர்கள். முன்கூடத்துச் சுவர்களில் பாருங்கள்: ரோஜா, கிரீடம், டிராகன், வேட்டைநாய் என்று அவர்களுடைய சின்னங்கள்தான் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற அதே ஆசைதான்!

நடுவில் உள்ள மரத்தடுப்பில் டியூடர் அரசர் எட்டாம் ஹென்றியின் முதலெழுத்தும் அவருடைய ராணி ஆன் போலினின் முதலெழுத்தும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கின்றன. 1533இல் கல்யாணம், 1536இல் ஆனின் தலையையே வெட்டிவிட்டார்கள். எழுத்து மட்டும் தப்பித்துவிட்டது.

* * *

சரி, கூரையையும் விட்டுவிட முடியாது. ஜான் வாஸ்டெல் என்ற தலைமைக் கொத்தனார் 1512 முதல் 1515க்குள் கட்டி முடித்த விசிறிக் கூரை அது, கல் வரிகள் விசிறிபோல விரியும் கூரை. 80 அடி உயரம், நடுவில் தாங்க ஒரு தூண் கிடையாது. கூரையின் பாரம் வெளியே உள்ள கனமான முட்டுச்சுவர்களுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இடையில் இவ்வளவு பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைக்க முடிந்தது. போகிறவர்கள் மாலை வழிபாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பாடகர் குழு கடைசிச் சுரத்தை நிறுத்திய பிறகும் அது மேலே சுற்றிக்கொண்டே இருக்கும்.