எண் ஏறினால் குளிரா, சூடா? டியூன் செய்த வண்டிக்கான ஸ்பார்க் பிளக்

உச்சிப்புளி டர்போ: "எஞ்சினை டியூன் செய்தவர்கள் எண் பெரிய பிளக்கை வாங்கிப் போட்டால் போதும், எஞ்சின் சூடே ஏறாது" என்று தீவுக்காரர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிர் பிளக்கில் பீங்கான் மூக்கு குட்டையாக இருப்பதால் சூடு சீக்கிரமாக சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. தணிவது பிளக்கின் முனைதான், எஞ்சின் அல்ல. அதைவிடப் பெரிய பிழை, பிளக் குளிரா சூடா என்று காட்டும் அந்த எண். என்.ஜி.கே. கம்பெனி பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர். போஷ் கம்பெனி பிளக்கில் எண் ஏற ஏறச் சூடு.

தீவுக்காரன்: நான் என்.ஜி.கே.யைச் சொன்னேன் என்பது படிக்கத் தெரிந்தவருக்கு விளங்கும். 6 இருந்த இடத்தில் 7 போட்டு அரிச்சல்முனை வரை மிதித்துப் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை.

உச்சிப்புளி டர்போ: நீங்கள் எழுதியதில் என்.ஜி.கே. என்ற சொல்லே இல்லை. உங்களை நம்பி ஒருவர் போஷில் 6-ஐக் கழற்றிவிட்டு 7-ஐப் போட்டால், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டிய எஞ்சினில் முனை 850 டிகிரியைத் தாண்டி, தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு, பிஸ்டனில் ஓட்டை விழும். அந்தச் செலவை யார் தருவார்?

கீழக்கரை வாசி: எண் கிடக்கட்டும். நான் இரண்டு படி குளிர்ந்த பிளக் போட்டிருந்தேன். கடல் பார்க்க நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் பாம்பன் பாலத்தில் ஐட்லிங்கிலேயே ஊர்ந்ததில் மண்டபம் வருமுன் மிஸ்ஸிங் தொடங்கிவிட்டது. கழற்றினால் நான்கும் அரிக்கேன் சிம்னியைப் போலக் கறுத்திருந்தன. முனை 450 டிகிரியாவது ஏறினால்தான் படிந்த கரி எரியும். நம் சாலைக்கு ஒரு படியே அதிகம்.

உச்சிப்புளி டர்போ: கரியைப் பற்றி யார் கேட்டார்? போஷில் எண் ஏறினால் சூடு. அதை அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

தீவுக்காரன்: ஒப்புக்கொள்வது இருக்கட்டும், பொங்கலுக்கு முன் என்னிடம் வாங்கிப்போன பிளக் ஸ்பேனர் எங்கே? உப்புக் காற்றில் மரை இறுகும், கிரீஸ் தடவுங்கள் என்று அன்று பாடம் எடுத்தவரும் நீங்கள்தானே?

உச்சிப்புளி டர்போ: ஸ்பேனர் பத்திரமாக இருக்கிறது. கிரீஸ் பற்றி நான் சொல்லவே இல்லை.

கீழக்கரை வாசி: சொன்னீர்கள் அண்ணே, நானும் தடவினேன். மரை வழுக்கினால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) காட்டும் அளவைவிட இறுக்கம் கூடிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

உச்சிப்புளி டர்போ: பேச்சை மாற்ற வேண்டாம். போஷில் எண் ஏறினால் சூடு, சூடு, சூடு.

தொண்டித் தம்பி: என் வண்டியில் டென்சோ 20 இருக்கிறது. ஒரு படி குளிர்விக்க 22 வாங்குவதா, குறைந்த எண்ணா? நாளைக் காலை மதுரைக்குப் போகிறேன்.

உச்சிப்புளி டர்போ: முதலில் தீவுக்காரர் பதில் சொல்லட்டும் தம்பி, பிறகு உங்களுக்குச் சொல்கிறேன்.

தீவுக்காரன்: முதலில் ஸ்பேனர்.